அப்பா ஒரு கொத்தனார்: சென்னையில் எந்தப் பழைய தேவாலயங்களைக் காட்டலாம்?

வைகைக்கரை · வியாழன் இரவு 9.10

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு சென்னைக்கு வருகிறேன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் முடிந்த பிறகு இரண்டு நாள் கையில் இருக்கும்.

அப்பாவுக்கு 68 வயது. நாற்பது வருடத்துக்கு மேல் கொத்தனார் வேலை பார்த்தவர். எந்த ஊருக்குப் போனாலும் அவர் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். கோயிலில் சாமி கும்பிட்ட கையோடு தூணை விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி, "மெட்ராஸில் வெள்ளைக்காரன் காலத்துச் சர்ச்சுகளில் சுவரிலேயே முகம் பார்க்கலாம். அது பளிங்கு இல்லடா, நம்ம சுண்ணாம்பு" என்று அடிக்கடி சொல்வாராம். ஐம்பது வருடமாக அந்தப் பேச்சு அப்பாவின் மனதில் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்.

இணையத்தில் தேடினால் பட்டியல் பட்டியலாக வருகிறது. படங்கள் அழகுதான். ஆனால் கட்டடம் எப்படி நிற்கிறது என்று ஒருவரும் எழுதவில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, உள்ளே போனால் தவறாக நினைப்பார்களா? அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, படி அதிகம் ஏற முடியாது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

சாந்தோம்_அலை · வியாழன் இரவு 9.48

தாராளமாக வாருங்கள் அம்மா. யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நான் சாந்தோம் பங்கில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் கோயிலுக்குத் தினமும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகிறவர்களில் எத்தனையோ பேர் வேறு மதத்தவர்கள். பூசை நடக்கும்போது மட்டும் சுற்றி நடக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுங்கள். நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்து போவார்கள், நீங்கள் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். பூசை முடிந்ததும் நிதானமாகப் பார்க்கலாம்.

இப்போது நிற்கும் பேராலயம் 1893 முதல் 1896 வரை கட்டியது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கட்டிய கோயிலை எடுத்துவிட்டு அதே இடத்தில் எழுப்பினார்கள். வெளியே நின்று பார்த்தால் இரண்டு கூர்கோபுரங்கள் தெரியும். பெரியது 155 அடி. சின்னது கூரையின் நடுவில் தனியாக நிற்கும், அதற்கு நேர் கீழேதான் இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறை. முதல்முறை வருகிறவர்கள் பெரிய கோபுரத்தைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், சின்னது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. எனக்கு அது வருத்தம். கல்லறைச் சிற்றாலயத்துக்குத் தனி வழி இருக்கிறது, கீழே இறங்க வேண்டும். அப்பாவைக் கையைப் பிடித்து மெதுவாக இறக்குங்கள்.

சாரமும்_சாந்தும் · வியாழன் இரவு 11.20

இந்தக் கேள்விக்காகவே உள்ளே வந்தேன். பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் அப்பாவுக்குக் காட்ட வேண்டியவை இரண்டு: எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ், கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ். மற்றவை பிறகு.

முதலில் எழும்பூர். ஊர்க்காரர்கள் 'கிர்க்' என்பார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டியது. 1818இல் அடிக்கல், 1821இல் திறப்பு. கட்டியவர் மேஜர் தாமஸ் டி ஹாவிலண்ட். அந்த இடம் சதுப்பு மண். மழைக்காலத்தில் தண்ணீர் ஊறும், வானம் தோண்டி அஸ்திவாரம் போட்டால் நிற்காது. அவர் என்ன செய்தார்? நம் ஊரில் காலங்காலமாகத் தெரிந்த கிணற்று அஸ்திவாரத்தை எடுத்துக்கொண்டார். சுமார் 150 கிணறுகள். உறைகிணறு இறக்குவது போலவே இறக்கி, அவற்றின் மேல் கட்டடத்தை உட்கார வைத்தார். தரையைப் பார்த்து நின்றால் அது ஒன்றும் தெரியாது. ஆனால் காலுக்குக் கீழே 150 கிணறு இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

உள்ளே வட்டமான கூடம். 16 தூண்கள் ஏறத்தாழ 51 அடி அகலக் குவிமாடத்தைத் தாங்குகின்றன. கரையான் பயத்தால் குவிமாடத்துக்கு மரமே சேர்க்கவில்லை, எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். உள்பக்கம் ஆழ்ந்த நீலம், அதில் பொன்னிற நட்சத்திரங்கள். தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டம். பிரம்பு பின்னிய இருக்கைகள். சாய்ந்து உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள், அவசரப்படவே வேண்டாம்.

அந்தச் சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது. கல் சுண்ணாம்பைவிட வெள்ளை. கடைசிப் பூச்சுக்கு அதை வெண்ணெய் போல அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் என்று சேர்த்து, பூசின பிறகு வழுவழுப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று சீமை வரை பேர் போனது இதுதான். உங்கள் அப்பாவின் மேஸ்திரி சொன்னது உண்மை. பல இடங்களில் பின்னால் வந்தவர்கள் மேலே பெயிண்ட் அடித்துவிட்டார்கள், அதனால் எல்லாச் சுவரிலும் முகம் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கோட்டையைப் பற்றி நாளை எழுதுகிறேன். தூக்கம் வருகிறது.

அண்ணாசாலை_7 · வெள்ளி காலை 6.55

ஒரே நாளில் முடிக்க வழி இருக்கிறது. கார் வைத்துக்கொள்ளுங்கள். காலை பரங்கிமலை, சின்னமலை, பிறகு கதீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ், லஸ், சாந்தோம், மாலை எழும்பூர், பாரிமுனை. ஏழு ஆகிவிடும். நாங்கள் குடும்பத்தோடு போன வருடம் இப்படித்தான் போனோம்.

கல்வெட்டு_வாசகன் · வெள்ளி காலை 8.30

மன்னிக்கவும், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏழு இடத்துக்குப் போகலாம், ஏழையும் பார்க்க முடியாது. ஒருவர் நாற்பது வருடம் செங்கல் அடுக்கியவர். அவரை ஒவ்வொரு வாசலிலும் பதினைந்து நிமிடம் நிறுத்திக் கிளப்பினால் அவர் மனம் ஆறாது. ஒரு நாளைக்கு இரண்டு. மிஞ்சிப் போனால் மூன்று.

தங்கச்சி, பாரிமுனைப் பக்கம் கண்டிப்பாகப் போங்கள். ஆர்மேனியன் தெரு. பேர் வாயில் நுழையாமல் நம் ஆட்கள் அதை 'அரண்மனைக்காரன் தெரு' ஆக்கிவிட்டார்கள். அங்கே எந்த அரண்மனையும் இல்லை. இருப்பது ஆர்மேனியர் கோயில். முதலில் 1712இல் கட்டியது, இப்போதைய கட்டடம் 1772. வெளியே லாரி, கைவண்டி, மொத்த வியாபாரக் கூச்சல். பெரிய மரக் கதவைத் தாண்டினால் சத்தம் அப்படியே விழுந்துவிடும். இந்த ஊரில் இப்போது வழிபட ஆர்மேனியக் குடும்பங்கள் இல்லை. ஆனாலும் இடத்தைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். உலகின் முதல் ஆர்மேனிய இதழ் 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது நம் மெட்ராஸில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷமாவோனியனின் கல்லறை அந்த வளாகத்திலேயே இருக்கிறது.

மணிக்கூண்டு கோயிலை ஒட்டித் தனியாக நிற்கும். ஆறு மணிகள், ஒவ்வொன்றும் 150 கிலோ அளவில். அதில் ஒன்று 1754ஆம் வருடத்தது, ஆர்மேனிய எழுத்து பொறித்தது. அதை 1808இல் மறுபடி வார்த்தபோது தமிழில் எழுத்து பொறித்தார்கள். ஆர்மேனியர் கோயில் மணியில் தமிழ்! இரண்டு மணிகள் 19 வயதில் இறந்துபோன எலியாசர் என்ற பையனின் நினைவாக 1778இல் கொடுத்தவை. ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மணி அடிக்கும் வழக்கம் உண்டு. முடிந்தால் அந்த நேரத்துக்குப் போங்கள். உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கினால் பக்கம்.

அண்ணாசாலை_7 · வெள்ளி காலை 9.02

நீங்கள் சொல்வது சரி. பிள்ளைகளோடு போனதால் நாங்கள் அப்படிப் போனோம். கொத்தனார் ஐயாவுக்கு அது ஒத்துவராது. செயின்ட் ஜார்ஜை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1815இல் கட்டி முடித்தது. நாடு சுதந்திரம் அடைந்து ஆறே வாரத்தில், 1947 செப்டம்பர் 27 அன்று, தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது அந்தக் கூரையின் கீழ்தான். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்று தனித்தனியாக இருந்த சபைகள் ஒன்றாகச் சேர்ந்த இடம். என் தாத்தா அன்றைக்கு வெளியே வளாகத்தில் நின்றிருந்தாராம்.

சாரமும்_சாந்தும் · வெள்ளி மதியம் 1.15

கோட்டை. செயின்ட் மேரீஸ் 1678 மார்ச் 25இல் தொடங்கி, 1680 அக்டோபர் 28இல் திறந்தார்கள். சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் ஆங்கிலிக்கன் கோயில்களில் இதுதான் பழையது. கோட்டையின் தலைமைப் பீரங்கிக்காரர் வில்லியம் டிக்சன் வடிவமைத்தார் என்று சொல்கிறார்கள். கட்டடத்தைப் பார்த்தால் அது சரியாகத்தான் படுகிறது. வெளிச்சுவர் நான்கு அடி கனம். கூரை மூன்று நீளமான அரைவட்ட வளைவுகள், இரண்டு அடி கனச் செங்கல். மேலே குண்டு விழுந்தாலும் வழுக்கி உருண்டு போக வேண்டும், கூரை உடையக் கூடாது என்பது கணக்கு. பிரெஞ்சுக்காரர்களின் 1758-59 முற்றுகையைத் தாண்டி இன்னும் நிற்கிறது.

அந்த வளைவை எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று அப்பாவிடமே கேளுங்கள். அடியில் மரத்தில் ஒரு வளைவு அடித்து, அதன் மேல் செங்கல் அடுக்கி, சாந்து இறுகிய பிறகு மரத்தை உருவ வேண்டும். சுண்ணாம்பு சிமெண்டைப் போல ஒரு நாளில் இறுகாது. எத்தனை நாள் விட்டார்களோ, எவன் தைரியமாக முதல் ஆப்பைத் தட்டினானோ!

கோட்டை இப்போது தலைமைச் செயலக வளாகம். அடையாள அட்டை இல்லாமல் போகாதீர்கள். கோட்டை ரயில் நிலையம் பக்கம்தான்.

திருவல்லிக்கேணி_வாசி · வெள்ளி மாலை 5.40

கட்டடம் சரி. ஆனால் தோமையார் இங்கே வந்தார், இங்கே இறந்தார் என்பதை வரலாறு போலச் சொல்வது எனக்கு உறுத்துகிறது. முதல் நூற்றாண்டுச் சான்று எதுவும் மயிலாப்பூரில் கிடைக்கவில்லையே?

சாந்தோம்_அலை · வெள்ளி இரவு 8.15

நியாயமான கேள்வி. நான் நம்புகிறேன், அதை உங்கள் மேல் திணிக்கவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ இந்தக் கரையில் தோமையார் கல்லறை இருப்பதையும், கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அங்கே வந்து வணங்குவதையும் எழுதியிருக்கிறார். போர்த்துக்கீசியர் வருவதற்கு 200 வருடம் முன்பே ஊர் மக்கள் மனதில் அந்த இடம் இருந்திருக்கிறது. எலும்புகளில் பெரும்பகுதி எடெஸாவுக்கு (இன்றைய துருக்கியில் இருக்கும் பழைய நகரம்) போய், பிறகு 1258இல் இத்தாலியின் ஓர்தோனாவுக்குப் போனதையும் எங்கள் திருச்சபை மறைப்பதில்லை. பரங்கிமலையில் 1547இல் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த சிலுவையில் பகலவி எழுத்து இருக்கிறது. அது பாரசீக நாட்டு எழுத்து. இதே வகைச் சிலுவை கோட்டயத்திலும் உண்டு. போர்த்துக்கீசியருக்கு வெகு காலம் முன்பே இங்கே ஒரு கிறிஸ்தவக் கூட்டம் வாழ்ந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கல்லே போதும். அதற்கு முந்தியது நம்பிக்கை. அந்த எல்லையை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

திருவல்லிக்கேணி_வாசி · வெள்ளி இரவு 8.50

இப்படிப் பிரித்துச் சொன்னால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. நன்றி அக்கா. அந்தச் சிலுவையைப் பார்க்கவாவது நானும் மலை ஏற வேண்டும்.

பரங்கிமலை_மேடு · சனி காலை 7.20

மலைக்குக் கார் போகும் பாதை இருக்கிறது தங்கச்சி, மேலே வாசல் வரை போகலாம். முழங்காலுக்குப் பயம் வேண்டாம். ஆனால் அடிவாரத்தில் இறங்கிப் படிக்கட்டையும் ஒரு பார்வை பாருங்கள். அதைக் கட்டிக் கொடுத்தவர் ஆர்மேனிய வியாபாரி பெட்ரூஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் முதல் பாலத்தை 1726இல் கட்டியவரும் அவரே. மறைமலை அடிகள் பாலத்தருகே அந்தக் கல்வெட்டு இன்னும் இருக்கிறது. யாத்திரை வருகிறவர்கள் ஆறு தாண்டி மலை ஏற வேண்டுமே என்று இரண்டையும் சேர்த்துச் செய்த மனுஷன். 1751இல் இறந்தார். உடல் வேப்பேரியில், இதயத்தை மட்டும் பெட்டியில் வைத்து அவர் பிறந்த பாரசீகத்து ஜூல்பாவுக்கு அனுப்பினார்கள்.

மேலே கோயில் சின்னது, 1523 என்பார்கள். எனக்குப் பிடித்தது வெளி முற்றம். விமானம் இறங்குவதைக் கண்ணுக்கு நேராகப் பார்க்கலாம். ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் 1802இல் இந்தியாவை அளக்கத் தொடங்கியதும் இந்த மலையடியிலிருந்துதான். அவருக்கு மேலே ஒரு சிலை இருக்கிறது.

வைகைக்கரை · சனி காலை 10.05

எல்லோருக்கும் நன்றி. இழை முழுவதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிணற்று அஸ்திவாரம் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சாரமும்_சாந்தும் அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: பழுது பார்க்கும்போது இப்போதும் சுண்ணாம்பு போடுகிறார்களா, சிமெண்டா?

சாரமும்_சாந்தும் · சனி மதியம் 12.30

அப்பா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். நல்ல இடங்களில் சுண்ணாம்புதான். ஆனால் நான் பார்த்த ஒரு கோயிலைப் பற்றிச் சொல்கிறேன், பேர் வேண்டாம். சுவரில் ஈரம் காண்கிறது என்று சிமெண்ட் பூசினார்கள். பூசியவர்கள் மேல் கோபம் இல்லை, நல்லது என்று நினைத்தே செய்தார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அந்த வாயை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி உப்பாகக் கிளம்பும். மூன்றாம் மழைக்காலத்தில் சிமெண்ட் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து வந்தது. வரும்போது தனியாக வரவில்லை, இருநூறு வருடச் செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது. அந்தச் செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது.

சாந்து அரைக்கிற செக்கு, கடுக்காய் ஊற வைக்கிற பக்குவம் எல்லாம் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். உங்கள் அப்பாவுக்குத் தெரிந்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் தங்கச்சி. எனக்கும் ஒரு நகல் வேண்டும்.

வைகைக்கரை · ஐந்து வாரம் கழித்து, திங்கள் இரவு 10.40

போய் வந்துவிட்டோம். சனிக்கிழமை கோட்டையும் எழும்பூரும். ஞாயிறு அரண்மனைக்காரன் தெரு, சாயங்காலம் சாந்தோம். மலைக்கும் லஸுக்கும் போகவில்லை.

கோட்டையில் அப்பா முதலில் ஜன்னல் ஓரமாகப் போய்ச் சுவரின் கனத்தைக் கையால் முழம் போட்டார். இரண்டரை முழத்துக்கு மேல் வந்தது. "நாலடி சொன்னாங்கல்ல, சரியா இருக்கு" என்றார். வளைவின் கீழ் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்தால் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். பழைய இடுகாட்டுக் கட்டடங்களைப் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையின்போது மறைவாகப் பயன்படுத்தியதால், பிறகு அவற்றை இடித்துவிட்டுக் கற்களை இங்கே கொண்டுவந்து பதித்தார்களாம். லத்தீன், போர்த்துக்கீசியம், ஆங்கிலம், ஆர்மேனியம் என்று எழுத்துகள். 1652 என்று போட்ட எலிசபெத் பேக்கர் கல்லைத் தேடிக் கண்டுபிடித்து வாசித்துச் சொன்னேன். அப்பா குனிந்து எழுத்தின் பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கல்லைக் கொத்தினவன் பேர் எங்கயாவது போட்டிருக்கா, பாரு" என்றார். நான்கைந்து கற்களில் தேடினேன், இல்லை. உள்ளே சுவர்ப் பலகைகளில் கவர்னர், கர்னல், அவர்கள் மனைவி, குழந்தை என்று எல்லோர் பேரும் இருக்கிறது. சுண்ணாம்பு தேய்த்தவர் பேர் ஒன்றுகூட இல்லை. அப்பா அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான்தான் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆர்மேனியர் கோயிலில் ஒன்பதரை மணிக்கு மணிச்சத்தம் கேட்டோம். முழங்கால் வலியால் அப்பா மணிக்கூண்டுப் பக்கம் ஏற முயலவில்லை. தமிழ் எழுத்து இருக்கும் மணி எது என்று கீழிருந்தே காதால் கண்டுபிடிக்கப் பார்த்தார்.

சாந்தோமில் அக்கா சொன்ன சின்ன கோபுரத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனோம். கல்லறைக்கு இறங்கினோம். அப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

சாரமும்_சாந்தும் · திங்கள் இரவு 11.05

எழும்பூரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே தங்கச்சி? தூணைத் தொட்டாரா?

வைகைக்கரை · செவ்வாய் காலை 6.30

அதைத் தனியாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன் அண்ணா.

முதலில் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தபடி பிரம்பு இருக்கையில் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டார். அங்கே வேலை செய்கிறவர் ஒருவர் பக்கத்தில் வந்து மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனார். பிறகு எழுந்து ஒரு தூணுக்குப் போய் உள்ளங்கையை முழுதாக வைத்தார். வெளியே அவ்வளவு வெயில், தூண் சில்லென்று இருந்தது. தட்டவில்லை. மெதுவாகத் தடவிக்கொண்டே ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று. என்னப்பா என்று கேட்டேன்.

இவ்வளவு உயரத் தூணை ஒரே நாளில் ஒரே ஆள் பூச முடியாதாம். சாரத்தில் மேலும் கீழுமாகப் பல பேர் நின்று ஒரே மூச்சில் பூசியிருக்க வேண்டும். ஒருவன் கை நிற்கிற இடத்தில் அடுத்தவன் கை சேரும். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அங்கே ஒட்டு தெரியும். அவர் பூசிய சுவர்களில் எங்கே ஒட்டு இருக்கிறது என்று இன்றைக்கும் அவரால் காட்ட முடியும். இங்கே அந்த ஒட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

நான்கு தூணில் தேடினார், கிடைக்கவில்லை. பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் தெரியுமாம். அடுத்த தடவை ஒரு நல்ல டார்ச் லைட் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்.